நீரை அளந்தவர்கள்

நிலத்தை அளக்க மனிதன் கற்றது மிகப் பழைய காலத்தில். குழி, மா, வேலி என்று தஞ்சைச் சீமையில் நன்செயை அளந்தார்கள். படி, மரக்கால், கலம் என்று அதில் விளைந்த நெல்லை அளந்தார்கள். ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதை மதகுக் கல்லில் இட்ட குறியைக் கொண்டு அறிந்தார்கள். ஆனால் இவையெல்லாம் நீரின் மிகுதியையும் குறைவையும் கண்டறியும் அளவுகள். நீரின் குணத்தை அளக்க நம் முன்னோர்களிடம் இருந்த கருவிகள் மூன்றே. கண் ஒன்று, மூக்கு ஒன்று, நாக்கு ஒன்று. கலங்கல் என்றும், முடை நாற்றம் என்றும், கரிப்பு என்றும் அவை அறிவித்த செய்தியைக் கொண்டே குடிநீரும் பாசன நீரும் தீர்மானிக்கப்பட்டன.

அக்கருவிகளைக் குறைவாக மதிப்பிடலாகாது. ஆயினும் அவற்றுக்கு ஒரு குறை உண்டு. நாக்கு இன்றைய சுவையைச் சொல்லும்; பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த சுவையோடு ஒப்பிட்டு இத்தனை பங்கு கூடியிருக்கிறது என்று அதனால் சொல்ல இயலாது. நீரின் குணத்தை எண்ணாக மாற்றி ஏட்டில் எழுத மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டு வரலாறு. அவ்வரலாற்றையும், மீனும் இறாலும் வளர்க்கும் தொழிலில் அது வந்து சேர்ந்த விதத்தையும், அதிலிருந்து நம் கடற்கரை கற்ற ஒரு கசப்பான பாடத்தையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாடு வளர்ப்பவன் மாட்டைப் பார்க்கிறான். அது அசை போடுகிறதா, காது தொங்குகிறதா என்று ஒரு பார்வையில் அறிந்துகொள்கிறான். மீன் வளர்ப்பவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் வளர்க்கும் பிராணி அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை மூடியிருக்கும் நீர்தான் தெரிகிறது. அந்த நீரோ மூச்சு விடுவதற்கு மிகவும் ஏழ்மையான இடம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. 30 பாகை வெப்பமுள்ள நன்னீர், தன்னால் இயன்ற மட்டும் காற்றைக் கரைத்துக்கொண்டாலும், ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் வைத்திருக்க முடியும். கடல்நீராக இருந்தால் அதுவும் இல்லை; ஆறுக்குச் சற்று மேல்தான். நீர் சூடேறச் சூடேற இந்த அளவு இன்னும் குறையும். பனிக்கட்டி உருகும் குளிரில் 14 மில்லிகிராமுக்கு மேல் தாங்கும் அதே நீர், நம் சித்திரை வெயிலில் அதில் பாதியைத்தான் தாங்குகிறது. ஆகவே வெப்ப நாட்டு மீன்குளம் எப்போதும் கைக்கும் வாய்க்குமாகக் காலம் தள்ளும் குடும்பத்தைப் போன்றது. ஒரு நாள் வரவு குறைந்தாலும் அங்கே பட்டினிதான்.

இனி, அளந்தவர்களின் கதைக்கு வருவோம்.

முதலில் வருபவர் ஒரு பாதிரியார். ஆஞ்செலோ செக்கி என்ற அவர் ரோமாபுரியில் வான ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் தலைவராக விளங்கியவர். சூரியனையும் விண்மீன்களையும் ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். மத்தியதரைக் கடலின் நீர் எவ்வளவு தெளிவானது என்று அறிய விரும்பிய கப்பல் தலைவர் சியால்டி என்பவர், போப்பாண்டவரின் கப்பலொன்றில் இவரை அழைத்துச் சென்றார். 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிவிட்டாவெக்கியா துறைமுகத்துக்கு அப்பால், செக்கி வெவ்வேறு அளவும் நிறமும் கொண்ட வட்டத் தட்டுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம் எது என்று குறித்துக்கொண்டார். சூரியன் நிற்கும் உயரம், வானத்தின் மேகம், கப்பலின் நிழல் இவையெல்லாம் அந்த ஆழத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்றும் ஆராய்ந்தார். விண்மீனை அளந்த கண் நீரையும் அளந்தது. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் விப்பிள் அந்தத் தட்டைச் சிறியதாக்கி, நான்கு கால் வட்டங்களாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டினார். இன்று நம் நாட்டு இறால் பண்ணையின் கரையில் கம்பிலோ கயிற்றிலோ கட்டித் தொங்கும் கறுப்பு வெள்ளைத் தட்டு அதுவே.

அத்தட்டு சொல்லும் செய்தி எளியது. வளர்ப்புக் குளத்தில் அது 30 முதல் 40 செண்டிமீட்டர் ஆழத்தில் மறைந்தால் நீரில் பாசி அளவோடு இருக்கிறது என்று கொள்வார்கள். மிகக் கீழே சென்றும் மறையாவிட்டால் பாசி போதாது. ஒரு சாணுக்குள்ளே மறைந்துவிட்டால் பாசி மிதமிஞ்சிவிட்டது என்று பொருள். மிதமிஞ்சினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல அடுத்தவரிடம் செல்ல வேண்டும்.

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் லாயோஷ் விங்க்ளர் என்ற இளைஞர் பல்கலைக்கழகத்தில் இரசாயன ஆராய்ச்சி செய்துவந்தார். நீரில் கரைந்துள்ள வாயுவை அறிய அந்நாளில் நீரைக் கொதிக்க வைத்து, வெளியேறும் வாயுவைப் பிடித்து அளந்தார்கள். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், சிக்கலான கண்ணாடிக் குழல்கள் வேண்டும். எடுத்துச் செல்லும் வழியிலேயே நீரின் நிலை மாறிவிடும். விங்க்ளர் 1888-ஆம் ஆண்டில், தம்முடைய 25-ஆம் வயதில், வேறொரு வழியை வெளியிட்டார். குமிழி புகாமல் ஒரு புட்டியில் நீரை நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு உப்பின் கரைசலையும், காரத்தோடு கலந்த அயோடைடு கரைசலையும் சில துளி சேர்க்க வேண்டும். நீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறமான வண்டல் உண்டாகும். இல்லாவிட்டால் வண்டல் வெள்ளையாகவே நிற்கும். இந்தச் செயலால் பிராணவாயு அந்த இடத்திலேயே கட்டிப் போடப்படுகிறது. பிறகு அமிலம் சேர்த்தால், இருந்த பிராணவாயுவுக்கு நேரான அளவு அயோடின் வெளிப்படும். சிறிது கஞ்சியை விட்டால் அது கருநீலமாகும். அளவு தெரிந்த தயோசல்பேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, நீலம் மறையும் கணத்தில் நிறுத்தினால் கணக்கு முடிந்தது.

வகுப்பறையில் இச்சோதனையைப் பல முறை செய்து காட்டியவன் நான். கடைசித் துளியில் நீலம் மறையும் பொழுது பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பை இன்னும் மறக்கவில்லை. ஒரு புட்டி, நான்கு கரைசல்கள், பொறுமையுள்ள ஒரு கை, இவ்வளவே வேண்டியது. விங்க்ளரின் முறை தோன்றி நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் மின்கருவிகள் சொல்வது சரியா என்று ஐயம் எழுந்தால், தீர்ப்புச் சொல்ல அந்தப் புட்டியையே அழைக்கிறார்கள்.

இந்தச் சோதனையிலிருந்து மற்றோர் அளவு பிறந்தது. தொழிற்சாலைகளும் பெருநகரங்களும் கழிவைக் கொட்டியதால் இங்கிலாந்து நாட்டின் ஆறுகள் நாறிப்போயிருந்தன. கழிவுநீரைப் பற்றி ஆராய 1898-இல் அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. அழுகும் பொருள் நீரில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது? அழுகும்போது கிருமிகள் பிராணவாயுவை உண்கின்றன. ஆகவே நீரை மூடி வைத்து, சில நாட்களில் எவ்வளவு பிராணவாயு குறைந்தது என்று பார்த்தால் அழுக்கின் அளவு தெரிந்துவிடும். 1912-இல் வெளியான எட்டாவது அறிக்கையில் அக்குழு ஐந்து நாள் சோதனையை வகுத்தது. ஆற்றில் விடப்படும் கழிவுநீர் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பிராணவாயுவை உண்ணலாகாது என்று வரம்பும் கட்டியது. குளிர் நாட்டுக்கு வகுத்த அந்த ஐந்து நாள் நம் வெப்பத்துக்குப் பொருந்தவில்லை. இந்தியத் தரநிறுவனம் 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் என்று மாற்றி அமைத்துக்கொண்டது. அளவுகோலும் ஊருக்கேற்ப உடை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவது அளவு புளிப்பையும் காரத்தையும் பற்றியது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் என்ற மதுவடிப்பாலையோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. அங்கே நொதிகளை ஆராய்ந்த சோரன்சென் என்ற விஞ்ஞானி, 1909-ஆம் ஆண்டில் பி.எச். என்ற அளவை வகுத்தார். ஏழு என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி ஏறுவது பத்து மடங்கு மாறுதலைக் குறிக்கும். இதை மின்கருவியால் எளிதில் அளக்க வழி செய்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஆர்னால்டு பெக்மன். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அறிய வழி கேட்டு வந்த நண்பருக்காக 1934-இல் அவர் செய்த கருவியே பிற்காலத்தில் உலகெங்கும் பரவிற்று.

மதுவுக்கும் எலுமிச்சைக்கும் பிறந்த இந்த அளவு மீனுக்கு எப்படிப் பயன்பட்டது? குளத்தில் எஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அது முழுவதும் நஞ்சாக இருப்பதில்லை. 30 பாகை வெப்பத்தில், பி.எச். ஏழாக இருந்தால் நூறு பங்கில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. ஒன்பதுக்கு ஏறினால் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். அம்மோனியா கூடவில்லை, ஒரு பிடித் தீனியும் அதிகம் போடவில்லை; ஆயினும் காலையில் நலமாயிருந்த மீன் பிற்பகலில் துன்புறுகிறது. பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் பி.எச். ஏறுவதே காரணம். எண்ணை அறியாதவன் இதை விதி என்பான். எண்ணை அறிந்தவன் பாசியைக் குறைப்பான்.

பாசி மிதமிஞ்சினால் என்ன என்ற வினாவுக்கு இப்போது முழு விடையும் கிடைக்கிறது. பகலில் பாசி வெயிலைக்கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் அந்தப் பாசியும் மீனும் கிருமிகளும் சேர்ந்து அதை உண்கின்றன. விடியுமுன் ஒரு வேளை வருகிறது. அப்போதுதான் குளத்தின் கஜானா அடிமட்டத்தில் இருக்கிறது. மேகம் கவிந்த பகலுக்குப் பின்வரும் இரவு இன்னும் கொடியது. கோழி கூவும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், குளத்துக்காரனின் வயிற்றில் நெருப்பு விழும். பொழுது புலரும்போது கரையோரம் வெள்ளை வயிறு காட்டி மிதப்பவை ஓராண்டுச் சேமிப்பும் கடனும் அல்லவா?

நள்ளிரவில் புட்டியும் கஞ்சியும் கொண்டு குளக்கரையில் உட்கார முடியுமா? இந்த இடரைத் தீர்த்த கருவி மருத்துவமனையின் வழியாக வந்தது. லீலண்டு கிளார்க் என்ற அமெரிக்கர், ஒஹையோ மாநிலத்தில், இருதயச் சிகிச்சையின்போது உடலுக்கு வெளியே இரத்தத்துக்குப் பிராணவாயு ஊட்டும் இயந்திரத்தைப் பற்றி ஆராய்ந்தவர். இரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று கணத்துக்குக் கணம் அறியவேண்டியிருந்தது. 1954-இல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மின்முனைகளை ஒரு மெல்லிய பாலிதீன் சவ்வுக்குள் மூடிவிட்டால், இரத்தம் அவற்றைத் தொட்டு அழுக்காக்காது. பிராணவாயு மட்டும் சவ்வைக் கடந்து உள்ளே வரும். வரும் அளவுக்கேற்ப மின்னோட்டம் ஓடும். 1956-இல் அதை வெளியிட்டார். நோயாளியின் இரத்தத்துக்காகப் பிறந்த அந்த மின்முனை சில ஆண்டுகளில் ஆற்றிலும் கடலிலும் குளத்திலும் இறங்கிற்று.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கெளுத்தி இனத்து மீனைப் பெரும் பெரும் குளங்களில் வளர்க்கிறார்கள். அங்கே இரவுக் காவலர்கள் வண்டியிலே குளம் குளமாகச் சென்று கருவியை நீரில் இறக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் குளத்து நீரை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கிளாடு பாய்டு என்பவரும் அவருடைய துணைவர்களும் 1978-இல் ஒரு சிறு உபாயத்தைச் சொன்னார்கள். அதை நம் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். இரவு எட்டு மணிக்கு லிட்டரில் 8 மில்லிகிராம். பத்து மணிக்கு 7. இரண்டு மணியில் ஒன்று குறைந்தது. எனவே ஒரு மணிக்கு அரை. காலை ஆறு மணிக்கு எவ்வளவு இருக்கும்? எட்டு மணி நேரத்துக்கு நான்கு போக, மீதி 3. இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் சேர்த்து அந்தக் கோட்டை விடியல் வரை நீட்டினால் போதும். மூன்று என்பது அபாயத்தின் வாசற்படி. பண்ணைக்காரர்கள் ஏரேட்டர் என்று சொல்லும் துடுப்புச் சக்கரத்தை இன்றிரவு எப்போது ஓட்டவேண்டும் என்பது படுக்கப் போகுமுன்பே தெரிந்துவிடுகிறது.

அண்மைக் காலத்து முன்னேற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். ஒருவகைச் சாயத்தின் ஒளிர்வைப் பிராணவாயு மங்கச் செய்கிறது என்று ஜெர்மானியரான ஹான்ஸ் கவுட்ஸ்கி 1930-களில் கண்டார். அதைக்கொண்டு செய்த ஒளிக்கருவிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைக்கு வந்தன. அவற்றில் அடிக்கடி சவ்வு மாற்றும் தொல்லை இல்லை. நீருக்குள்ளே இரவும் பகலும் கிடந்து, கண்ட அளவைக் கைப்பேசிக்கு அனுப்பி, அளவு தாழ்ந்தால் தாமாகவே துடுப்புச் சக்கரத்தை ஓட்டும் அமைப்புகளும் வந்துவிட்டன. இவை எல்லாம் நன்மையே. ஆனால் கருவியின் முகத்தில் பாசி படிந்தால் அது பொய் சொல்லும். நாள்தோறும் துடைப்பதும், குறித்த காலத்தில் சரிபார்ப்பதும் மனிதனின் வேலையாகவே இருக்கின்றன.

இதுவரை சொன்னது வெற்றியின் கதை. இனிச் சொல்லப்போவது வேறு கதை.

நம் நாட்டில் உவர்நீர் இறால் வளர்ப்பு புதிதன்று. கேரளத்துப் பொக்காளி வயல்களிலும் வங்காளத்துப் பேரிகளிலும் நெல்லுக்குப் பின் இறால் என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அங்கே ஏற்றவற்றமே நீர் மாற்றிற்று. தீனியும் இயற்கை தந்தது. 1990-களின் தொடக்கத்தில் வந்தது வேறு வகை. வரி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. கிழக்குக் கடற்கரை நெடுகக் குளங்கள் வெட்டினார்கள். அடர்த்தியாகக் குஞ்சு விட்டார்கள். மூட்டை மூட்டையாகத் தீனி கொட்டினார்கள். கடல்நீரை இறைத்து உள்ளே விட்டு, கெட்ட நீரை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் நான் காவிரிப் படுகையின் கடற்கரை ஊரொன்றில் ஆசிரியனாக இருந்தேன். 1994-ஆம் ஆண்டு, மழைக்காலத்துக்கு முன், பள்ளிக்கூடத்தை அடுத்த தெருவில் இருந்த ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். "வாத்தியாரய்யா, எங்க கெணத்துத் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்குது. கரிக்குது. நீங்க படிச்சவங்க, என்னான்னு பாருங்க" என்றார். "எத்தனை நாளாகப் பாட்டி?" என்று கேட்டேன். "குளம் வெட்டினதுக்கப்புறம்" என்றார்.

பள்ளியில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல் கொஞ்சம் இருந்தது. உப்பை அளக்க 1856-இல் மோர் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் சொன்ன முறை பாடத்திலேயே உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மூன்று கிணறுகளின் நீரை எடுத்து வந்து சோதித்தோம். குளங்களை அடுத்திருந்த கிணற்றில் உப்பு மிகுதி; ஊரின் மேற்குப் புறத்துக் கிணற்றில் குறைவு. பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கும் ஓர் இறுமாப்பு. தாளில் எழுதிக்கொண்டு பண்ணையின் மேற்பார்வையாளரிடம் சென்றேன்.

அவர் மரியாதையோடு உட்கார வைத்து, தாளை வாங்கிப் படித்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கிணறு மூன்று வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது, சார்? அந்தக் கணக்கு இருக்கிறதா?"

என்னிடம் விடை இல்லை. அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. அது நியாயமான கேள்வி. கடற்கரைக் கிணறு கரிப்பதற்குப் பல காரணம் உண்டு. ஆற்றில் நீர் வராத ஆண்டுகளிலும் கரிக்கும். ஊரார் மிகுதியாக இறைத்தாலும் கரிக்கும். குளம் வெட்டுமுன் அளந்த எண் ஒன்று இருந்திருந்தால் மூதாட்டியின் நாக்குக்குச் சாட்சி கிடைத்திருக்கும். அந்த எண்ணை எழுதி வைத்திருக்கக் கூடியவன் யார்? அந்தப் பள்ளியில் பல ஆண்டுகளாக அதே சோதனையைப் பரீட்சைக்காகக் கற்பித்துவந்த நான்தான். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு உப்புக் கரைசலைப் புட்டியில் கலந்து கொடுத்து அளக்கச் சொன்னேனே ஒழிய, சன்னலுக்கு வெளியே தெரிந்த கிணற்றிலிருந்து ஒரு வாளி நீரை ஒரு நாளும் எடுத்து வரச் சொல்லவில்லை. அன்று வெட்கத்தோடு திரும்பினேன்.

அந்த ஊருக்கு நேர்ந்ததே கடற்கரை முழுதும் நேர்ந்தது. சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் கடற்கரையைப் பார்வையிட்டு அறிக்கை தந்தார்கள். நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது ஆகியோர் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். விளைநிலங்களையும் உப்பளங்களையும் சதுப்புக் காடுகளையும் ஊர்ப்பொது நிலங்களையும் இறால் குளமாக்கக் கூடாது என்றும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. பின்னர் மறு ஆய்வு மனுக்களும் வாதங்களும் தொடர்ந்தன. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த ஆணையத்தில் பண்ணைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளியேறும் நீருக்கு வரம்புகள் வகுக்கப்பட்டன. 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் கழிவுநீரைத் தூய்மை செய்யும் அமைப்பை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுமுன்பே இயற்கை ஒரு தீர்ப்பைச் சொல்லியிருந்தது. 1994-95-ஆம் ஆண்டுகளில் வெள்ளைப்புள்ளி நோய் இந்தியக் கடற்கரைக்கு வந்தது. நோய் கண்ட குளத்தின் இறால் சில நாட்களில் மாண்டது. நோயுள்ள நீரை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். அதே வாய்க்காலிலிருந்துதான் அடுத்த பண்ணைக்காரன் நீர் இறைத்தான். ஒருவனுடைய வடிநீர் மற்றவனுடைய வருநீர். தன் குளத்துக்குள் மட்டும் அளந்தவன், தன் வாசலுக்கு வெளியே போவதை அளக்காமல் விட்டான். அது பக்கத்து வாசல் வழியாகச் சுற்றிவந்து ஒருநாள் அவன் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தை எந்த ஆசிரியரும் நடத்த முடியாது.

தொழில் அழிந்துவிடவில்லை. 1987-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் பண்ணையாளர்களுக்கு நீரைக் காக்கும் முறைகளைக் கற்பித்துவந்தார்கள். நீரை முதலில் ஒரு தேக்கத்தில் நிறுத்திக் கிருமி நீக்கிய பிறகே குளத்தில் விடுவதும், நீர் மாற்றுவதைக் குறைப்பதும் வழக்கமாயின. 2009 முதல் வெனாமி என்ற வெளிநாட்டு இறால் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது. இன்று கடற்கரையில் பெரும்பாலும் வளர்வது அதுவே.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது வெனாமி வளர்க்கிறார். சென்ற ஆண்டு அவருடைய பண்ணையைப் பார்க்கச் சென்றிருந்தேன். கைப்பேசியில் நான்கு குளங்களின் பிராணவாயுவையும் வரைகோடாகக் காட்டினார். பெரிய ஏடு ஒன்றும் வைத்திருந்தார். உப்பு, பி.எச்., அம்மோனியா, தட்டு மறையும் ஆழம் என்று பத்தி பத்தியாகக் காலையும் மாலையும் எழுதியிருந்தார். என் வகுப்பில் அவர் எழுதிய ஏடு இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. மனம் நிறைந்து பாராட்டினேன். பிறகு, "தம்பி, வாய்க்காலில் போகிற நீருக்குப் பத்தி எங்கே?" என்று கேட்டேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குளத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு நஷ்டம், ஐயா. வாய்க்காலை யாராவது அதிகாரி கேட்டால் பார்க்கிறோம்" என்றார்.

அவர் உண்மையைச் சொன்னதற்காக நான் அவரை மதிக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. தனக்கு நட்டம் வரும் இடத்தில் மனிதன் அளந்தே தீருவான்; அதற்குச் சட்டம் வேண்டாம், உபதேசமும் வேண்டாம். அண்டை வீட்டாருக்கு நட்டம் வரும் இடத்தில் அளக்கத்தான் சட்டமும் மனச்சாட்சியும் தேவைப்படுகின்றன. செக்கியின் தட்டுக்கும் விங்க்ளரின் புட்டிக்கும் கிளார்க்கின் மின்முனைக்கும் கரையின் உட்புறம், வெளிப்புறம் என்ற வேற்றுமை தெரியாது. எங்கே இறக்கினாலும் அவை உண்மையைச் சொல்லும். எங்கே இறக்குவது என்பதைத் தீர்மானிப்பது நம் கை.

ஆகவே ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இப்பேச்சை முடித்துக்கொள்கிறேன். உங்கள் பள்ளிக்கு அருகே ஒரு கிணறோ குளமோ வாய்க்காலோ கட்டாயம் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் செய்யும் சோதனையை மாதம் ஒரு முறை அந்த நீரில் செய்யச் சொல்லுங்கள். கண்ட எண்ணை, நாளும் இடமும் குறித்து, ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது அந்த நோட்டைச் சாவிக் கொத்தோடு அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். பருப்பு வேகவில்லை என்று நாளை ஒரு மூதாட்டி வந்து சொன்னால், முன்பு எவ்வளவு இருந்தது என்று யாரேனும் கேட்டால், நான் அன்று நின்றதுபோல் வெறுங்கையோடு நிற்க வேண்டிய நிலை உங்களுக்கு வராது.